நெஞ்சத்திற்குத் தவணை தரும் கருவி

'எக்மோ' என்னும் சொல் 2016 டிசம்பரில் தமிழக இல்லங்களில் நுழைந்தது. காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்டு, கிருமித்தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயம் டிசம்பர் 4 அன்று நின்றபோது, சென்னை அப்போலோ மருத்துவமனையில் அக்கருவி பொருத்தப்பட்டது. மறுநாள் இரவு அவர் மறைந்தார். 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் அதன் துணையோடு பல வாரங்கள் போராடி மறைந்தார். ஆகவே, எக்மோ என்றாலே முடிவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று.

1975இல் அமெரிக்காவில், மூச்சுத் திணறிய பச்சிளங்குழந்தை ஒன்றை டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இக்கருவியால் மீட்டார். செவிலியர் அதற்கு இட்ட பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள்.

கருவி செய்வது என்ன? பெருநாளத்திலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, தமனி வழியே உடலுக்குள் செலுத்துகிறது. இதயத்தின் சுமையைச் சிறிது காலம் தான் சுமக்கிறது. கடுந்தொற்றின் நச்சால் சோர்ந்த இதயம், தொற்று தணிந்தால் பலருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் தேறிவிடுகிறது. ஆனால் கருவி தொற்றைக் கொல்வதில்லை. இரத்தக்கசிவு, இரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகளும் அதில் உண்டு. செலவோ பல இலட்சம். அது தருவது தவணையே. குணம் தருவது தக்க மருந்தே.

அம்மருந்து உரிய வேளையில் கிடைத்தால் பெரும்பாலோர்க்குக் கருவியே வேண்டியிராது. தமிழகத்தில் காணப்படும் உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். புதர்களில் வாழும் சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிலருக்குக் கருநிறப் பொருக்கு தோன்றும். கவனியாது விட்டால் இதயத்தசையையும் தாக்கும். தொடக்கத்திலேயே மருத்துவர் டாக்சிசைக்ளின் கொடுத்தால், விலை குறைந்த அம்மாத்திரையே பலரைக் காக்கும்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளை இங்கே நினைக்கிறோம். பெற்றோரைப் பிரிந்து, பலர் கூடி வாழும் அறைகளில் தங்குகின்றனர். காய்ச்சல் வந்தால், ஒரு நாள் ஊதியம் போய்விடுமே என்று அஞ்சி, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இரவுப் பணிக்குச் செல்வோர் உண்டு.

பெற்றோரே, தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "காய்ச்சல் எத்தனை நாளாய்?" என்றும் கேளுங்கள். மூன்று நாளாகியும் தணியாவிடில் மருத்துவரிடம் அனுப்புங்கள். மூச்சு வாங்குதல், கைகால் குளிர்தல், பேச்சுக் குழறல், சிறுநீர் குறைதல் இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். அறைத் தோழர்களே, நோயுற்றவனைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். அந்த இடத்தில் அவனுக்கு உறவு நீங்களே.