மதகுக்கு 387 கோடி, மனைக்கு மூன்று சென்ட் இல்லையா?

2018 ஆகஸ்ட். மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் இரு கரையும் முட்ட ஓடிக்கொண்டிருந்தது. தா.பழூருக்குத் தெற்கே, கரையோரப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த என் அத்தையையும் இன்னும் சில குடும்பங்களையும் இரவோடு இரவாக ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பாயும் கொடுத்தார்கள், பொட்டலச் சோறும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலை ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்தார்.

"தண்ணி வடிஞ்சிடுச்சு. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கணும். நீ கெளம்பு."

"எங்கங்க போறது?"

"எங்க இருந்தியோ அங்கதான்."

அறுபதைத் தாண்டிய அத்தையை, அவர் வயதில் பாதி இருப்பவர் 'நீ' என்றார். அத்தை 'ங்க' போட்டுப் பேசினார். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது ஒரு ஊழியர் மீதான புகாராகச் சுருங்கிவிடும். அவர் சொன்னது அவர் சொந்த வார்த்தையல்ல. வீடற்ற தலித்துக்கு உள்ளாட்சி நிர்வாகம் வைத்திருக்கும் கொள்கையே அதுதான்: எங்க இருந்தியோ அங்கதான்.

அதே ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து விழுந்தன. முதலமைச்சர் நேரில் வந்து பார்த்தார். 387 கோடி ரூபாயில் புதிய கதவணை அறிவிக்கப்பட்டது, கட்டியும் முடிக்கப்பட்டது. டெல்டா விவசாயத்துக்கு அது தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே வெள்ளத்தில் கூரை இழந்த அத்தை, வடிந்த சேற்றிலேயே மறுபடி மூங்கில் நட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அவர் 'வீடற்றவர்' கணக்கில்கூட வரமாட்டார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர் என்றால் நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம் என்று திறந்தவெளியில் கிடப்பவர். 2011 கணக்கில் அப்படி இந்தியா முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் 8.3 லட்சம் பேர், கிட்டத்தட்டப் பாதி, கிராமங்களில் இருந்தார்கள். ஆனால் லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வலியுறுத்தியது நகரங்களுக்கு. அதையொட்டி வந்த வீடற்றோர் தங்குமிடத் திட்டமும் நகரங்களுக்கு. கிராமத்து வீடற்றவருக்கு வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம், வடிந்தால் மறுபடி கரை.

வீட்டுத் திட்டங்கள் இல்லையா? இருக்கின்றன. 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்று 'கலைஞரின் கனவு இல்லம்' 2024-இல் தொடங்கியது. 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய திட்டம். அத்தையும் மனுவோடு போனார். முதல் கேள்வி: "பட்டா இருக்கா?" புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு இதில் இடமில்லை. குடிசையில் இருந்தால்தான் வீடு, ஆனால் குடிசைக்கு அடியிலுள்ள மண் உன்னுடையதாக இருக்க வேண்டும்! நிலமற்ற பயனாளிக்கு மாநில அரசு நிலம் கொடுத்து வீடும் கட்டித்தர வேண்டும் என்று ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வரியை எந்த மேசையிலும் எடுத்துப் படிப்பதில்லை.

அந்த மண் ஏன் நம்மிடம் இல்லை என்பதுதான் சாதியின் கதை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையிலேயே இது இருக்கிறது. குடியிருக்கும் மனை மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் மனையை விட்டு வெளியேற்றலாம். கூலி கேட்டவர்களை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கொளுத்தினார்கள். 44 பேர் உயிருக்கு ஒளிந்தது ஒரே ஒரு குடிசைக்குள். 1971-இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. பண்ணையார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையை உரிமையாக்கியது. பெரிய சட்டம் அது. ஆனால் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் ஒதுங்கியவருக்கு அதில் வழியில்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிள்ளைகளுக்கும் வழியில்லை.

'இடம் இல்லை' என்பார்கள். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கவென்றே 1978-இல் (அன்று 'அரிஜன்' என்ற பெயரில்) தனிச் சட்டம் போட்டது இந்த மாநிலம். சட்டம் இருக்கிறது, வயல் இருக்கிறது, அரசு நிலமும் இருக்கிறது. 'இடம் இல்லை' என்றால், ஊர்த்தெருப் பக்கம் நம்மை வரவிடமாட்டார்கள் என்றுதான் பொருள். வாடகைக்காவது போகலாமா? வெளிநாட்டில் படித்து பரோடா சமஸ்தானத்து அதிகாரியாக வந்த அம்பேத்கரையே பார்சி விடுதியிலிருந்து துரத்தினார்கள். ஊர்த்தெருவில் என் அத்தைக்கு எந்தத் திண்ணை கிடைக்கும்?

தற்காலிகத் தங்கலிலும் சாதி விடவில்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் முகாம்களிலிருந்தே தலித் குடும்பங்கள் விரட்டப்பட்டது பதிவாகியிருக்கிறது. கடல் எல்லோரையும் ஒன்றாக அடித்தது, முகாமில் மறுபடி பிரித்தார்கள்.

'ஆற்றங்கரை நீர்நிலைப் புறம்போக்கு, அங்கே பட்டா தரமுடியாது, அது ஆபத்தும்கூட' என்று ஒரு வாதம் வரும். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அங்கே பட்டா வேண்டாம். யாரும் ஆசைப்பட்டு ஆற்றின் வாயில் குடியிருப்பதில்லை. மேட்டில், ஊரை ஒட்டி, பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் பக்கத்தில் மூன்று சென்ட் கொடுங்கள். இடத்தையும் கொடுக்காமல், ஒதுங்கியவரை 'ஆக்கிரமிப்பாளர்' என்று நோட்டீஸ் ஒட்டுவது என்ன நியாயம்? 2025-இல் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார்கள். நல்லது. சொல் போகட்டும். அந்தச் சொல்லுக்குள்ளும் இடம் கிடைக்காதவர்களுக்கு என்ன பதில்?

தோழர்களே, கேட்பதற்கு இப்போது ஊராட்சித் தலைவரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. ஆனால் கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு நாள். அன்றைக்குக் கைபேசியில் படம் எடுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் பட்டா இல்லாத குடும்பங்களை நீங்களே தெருத்தெருவாகப் போய் எழுதுங்கள். எத்தனை பேர், எந்த நிலத்தில், எத்தனை ஆண்டாக. அந்தப் பட்டியலைத் தீர்மானமாக வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள். நகலை வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மூன்று கோரிக்கை போதும்: வீட்டுக்கு முன் மனை, 1978 சட்டப்படி நில எடுப்பு, மாற்று மனை தரும்வரை யாரையும் கரைக்குத் திருப்பி அனுப்பாத முகாம்.

எங்கள் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. முதல் பெயர் அத்தையுடையது. அடுத்த கிராம சபையில் அவர் பக்கத்தில் நானும் உட்காருவேன். அவரை 'நீங்க' என்று அழைப்பதிலிருந்து அந்தக் கூட்டம் தொடங்கட்டும்.