கப்பல் டிக்கெட் ரெடி... விசா?

கப்பல்ல ஏறி வெளிநாடு போறது இப்போ பெரிய பணக்காரங்க சமாச்சாரம் மட்டும் இல்லை. சிங்கப்பூர்ல இருந்து நாலு நாள், துபாய்ல இருந்து ஒரு வாரம்னு குடும்பத்தோட க்ரூஸ் கிளம்பறவங்க நம்ம ஊர்லயே நிறைய. 2023 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்தே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கு சொகுசுக் கப்பல் புறப்பட்டுச்சு. கேட்டரிங் படிக்கிறவங்களுக்கோ கப்பல் வேலைன்னாலே தனி கனவு!

கேபின்ல ஜன்னல் இருக்கா, நீச்சல் குளம் எத்தனை, பஃபேல என்ன ஐட்டம்னு தேடித் தேடிப் படிப்போம். ஆனா துறைமுகத்து செக்-இன் கவுன்ட்டர்ல யாரும் அதைக் கேட்க மாட்டாங்க. அவங்க கேட்கிறது பாஸ்போர்ட்டும் விசாவும்தான். இல்லேன்னா கப்பல் உங்களை விட்டுட்டுக் கிளம்பிடும். பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. ஏன்னா, தேவையான விசா வாங்கறது பயணியோட பொறுப்புன்னு டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருப்பாங்க. அதை நாம படிக்காம டிக் அடிச்சிருப்போம்!

அதனால இந்த வாரம் ஒரே ஒரு பாடம். எந்தெந்த நாடுன்னு மட்டும் பார்க்காதீங்க. எந்த நாட்டுக்குள்ள எத்தனை தடவை நுழையறீங்கன்னு எண்ணுங்க.

பேப்பர், பேனா எடுங்க

சிங்கப்பூர்லயே ஆரம்பிப்போம். சென்னையில இருந்து விமானத்துல சிங்கப்பூர் போறீங்க. ஒரு நாள் ஊர் சுத்தறீங்க. கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துட்டு மறுபடி சிங்கப்பூர்ல இறங்கி, அங்கிருந்து விமானத்துல வீடு. ஆக, சிங்கப்பூருக்குள்ள எத்தனை தடவை நுழையறீங்க? ரெண்டு! விமானத்துல ஒண்ணு, கப்பல்ல ஒண்ணு. உங்க விசா எத்தனை நுழைவுக்குச் செல்லும்னு அதிலேயே போட்டிருக்கும். சிங்கிள் என்ட்ரியா, மல்டிபிள் என்ட்ரியா? கைக்கு வந்த உடனே முதல்ல அதைப் பாருங்க.

பினாங்கு மலேசியாவுல, புக்கெட் தாய்லாந்துல. 2023 நவம்பர்ல தாய்லாந்தும், டிசம்பர்ல மலேசியாவும் இந்தியர்களை விசா இல்லாம அனுமதிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்காக, 'சீனியர் போன வருஷம் விசா இல்லாமதானே போனார்'னு கண்ணை மூடிட்டுக் கிளம்பிடாதீங்க. இதெல்லாம் அந்தந்த அரசு கொடுக்கிற சலுகை. எப்ப வேணும்னாலும் மாறலாம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கிளம்பற வாரம் ஒரு தடவை அந்த நாட்டோட அரசு இணையதளத்துல பார்த்துடுங்க. விசா வேண்டாம்னாலும் ஆன்லைன் வருகை அட்டைன்னு ஒண்ணு கேட்பாங்க. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூணுலயும் இருக்கு. மூணுமே இலவசம். அதுக்குக் காசு கேட்கிற தளம் எதுவா இருந்தாலும் உடனே வெளிய வந்துடுங்க.

ஐரோப்பாவுல ஒரு பொறி

ஷெங்கன் விசா ஒண்ணு வாங்கினா 29 நாடு சுத்தலாம். இதை நம்பித்தான் பலர் ஏமாந்து போறாங்க. ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்துல கப்பல் ஏறறீங்க. துருக்கியில குஷாடசி, இஸ்தான்புல் பார்த்துட்டு மறுபடி பிரேயஸ். கிரீஸ் ஷெங்கனுக்குள்ள இருக்கு, துருக்கி வெளிய இருக்கு. கப்பல் துருக்கிக்குப் போனப்பவே நீங்க ஷெங்கனை விட்டு வெளியேறியாச்சு. உங்க விசா சிங்கிள் என்ட்ரின்னா அதோட கதை முடிஞ்சுது. திரும்ப கிரீஸ்ல கால் வைக்கவே முடியாது.

துருக்கிக்கு வேற தனியா அனுமதி வேணுமே? செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசா வெச்சிருக்கிற இந்தியர்கள் துருக்கிக்கு ஆன்லைன்லயே இ-விசா வாங்கலாம். அப்போ வரிசை புரியுதா? முதல்ல மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன், அப்புறம் துருக்கி. மாத்திப் போட்டா வேலைக்கு ஆகாது. சில நாடுகள் கப்பல்ல வந்து ஒரு நாள் இறங்கறவங்களுக்குத் தனிச் சலுகை தர்றதுண்டு. உங்க பாஸ்போர்ட்டுக்கு அது செல்லுமான்னு கப்பல் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. அப்படியே துருக்கி சலுகை கொடுத்தாலும், கிரீஸுக்குத் திரும்பற அந்த ரெண்டாவது நுழைவுக்கு அது உதவாது.

அடுத்த குழப்பம், எந்த நாட்டுத் தூதரகத்துல விண்ணப்பிக்கறது? விதி சிம்பிள். அதிக நாள் எங்கே இருக்கீங்களோ, அந்த நாடு. எல்லாம் சமமா வந்தா, முதல்ல நுழையற நாடு. பார்சிலோனாவுல ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ, வலேட்டா போய் பார்சிலோனாவுலயே இறங்கறீங்கன்னு வைங்க. ஏறற நாள், இறங்கற நாள் சேர்த்து ஸ்பெயின் 2. இத்தாலி 3. பிரான்ஸும் மால்டாவும் தலா 1. ஆக இத்தாலி! அதுவே கப்பலுக்கு முன்னாடி பார்சிலோனாவுல ரெண்டு நாள் தங்கினா கணக்கு ஸ்பெயின் பக்கம் சாஞ்சிடும்.

'நான் இறங்கவே மாட்டேனே!'

இப்படி ஒரு புத்திசாலி எல்லா கேங்லயும் இருப்பான். "அந்த ஊர்ல கப்பலை விட்டு இறங்காம கேபின்லயே படுத்துக்கறேன், விசா எதுக்கு?" எடுபடாது தலைவா. வழியில வர்ற துறைமுகம் அத்தனைக்கும் விசா இருந்தாத்தான் ஏத்துவோம்னு பல கம்பெனிகள் கறாரா சொல்லிடறாங்க.

அலாஸ்கா போற கப்பல்களைப் பாருங்க. அமெரிக்காவின் சியாட்டில்ல கிளம்பி, அமெரிக்காவின் அலாஸ்காவைச் சுத்தி, மறுபடி சியாட்டில். ஒரே நாடுதானேன்னு தோணும். ஆனா வழியில கனடாவின் விக்டோரியாவுல சில மணி நேரம் நிக்கும். காரணம், 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏத்தி இறக்கக்கூடாது. அதனாலதான் நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகம். நூறு வருஷத்துக்கும் முந்தின அந்தச் சட்டத்தால, அந்தச் சில மணி நேரத்துக்காக நம்ம ஆளுங்க கனடா விசாவும் எடுக்க வேண்டியிருக்கு!

நாள் கணக்கு... பேர் கணக்கு...

கப்பல் கிளம்பற தேதியில இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க. ஷெங்கனுக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். வழக்கமா 15 நாள்ல பதில் வரும், சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கும். அந்த நேரத்துல பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்கிறதால வேற விசாவுக்கு நகர முடியாது. ரெண்டு ஸ்டிக்கர் விசா வேணும்னா ரெண்டு சுத்துக்கும் நேரம் ஒதுக்குங்க. 2024 ஜூன்ல ஷெங்கன் கட்டணத்தை 90 யூரோவா ஏத்திட்டாங்க. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

ஸ்டூடண்ட்னா கூடுதலா என்ன? காலேஜ் போனஃபைட், லீவுக்கு அனுமதிக் கடிதம், செலவை ஏத்துக்கிறதா அப்பாவோ அம்மாவோ கொடுக்கிற கடிதம், அவங்க பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன். எச்.ஓ.டி. கையெழுத்து வாங்கறதுக்குள்ள ஒரு செமஸ்டரே முடிஞ்சிடும்னு உங்களுக்கே தெரியும். இப்பவே ஆரம்பிங்க!

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல்! பாஸ்போர்ட்ல பேரு எப்படி இருக்கோ, எழுத்து மாறாம அப்படியே கப்பல் டிக்கெட்லயும் விசாலயும் வரணும். குடும்பப் பேர் இடம் காலியா, ஒத்தைப் பேரோட பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்க ரொம்பவே உஷார். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு அறிவிச்சுது. பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்கலாம்னு அப்புறம் விளக்கம் வந்தது. துபாய்ல கப்பல் ஏறப்போறவங்க இதை முதல்லயே சரிபார்த்துக்கணும்.

வேலைக்குப் போறவங்களே, நில்லுங்க!

இதுவரைக்கும் சொன்னது பயணிகளுக்கு. அங்கே விசாவும் செலவும் உங்க பொறுப்பு. கப்பல்ல வேலைக்குப் போனா விதியே வேற. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போற கப்பல்னா சி1/டி விசா எடுக்கச் சொல்லுவாங்க. இதைக் காட்டித்தான் சில ஏஜென்டுங்க 'விசா செலவு', 'ப்ராசஸிங்'னு லட்சக்கணக்குல கறக்கறாங்க. அம்மா நகையை அடகு வெச்சுக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006-ன்னு ஒண்ணு இருக்கு. இந்தியா அதை 2015-ல் ஏத்துக்கிட்டுது. அதன்படி மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகமான சி.டி.சி., பாஸ்போர்ட் செலவுகளை மட்டும் வேலைக்குப் போறவங்க தலையில போடலாம். விசா செலவு கப்பல் முதலாளியோடது. வேலை வாங்கித் தர்றதுக்குக் கட்டணமும் கேட்கக்கூடாது. சமையல்காரர், ஹவுஸ்கீப்பிங், வெயிட்டர் எல்லாருக்கும் இது பொருந்தும். ஏஜென்ட்கிட்ட ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கான்னு டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்துல தேடிப் பாருங்க. பட்டியல்ல பேர் இல்லையா? எவ்வளவு இனிப்பா பேசினாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

க்ரூஸ் பிளான் இருக்கிறவங்க இன்னைக்கு ராத்திரியே பாஸ்போர்ட்டை எடுத்துப் பேரு, காலாவதி தேதி, காலிப் பக்கம் மூணையும் பாருங்க. பக்கத்துலயே கப்பல் போற ஊர்களை வரிசையா எழுதி, நுழைவுகளை எண்ணுங்க. கேபினுக்கு அட்வான்ஸ் கட்டறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.