ஷிப்ட் முடிந்த ஊர்கள்



நம் ஓசூர்ப் பக்கத்தில் மாம்பழமும் ஐரோப்பாவும் ஒரே சீசனில் வருகின்றன. பள்ளிக்கூடம் மூடியதுதான் தாமதம், பாகலூர் ரோட்டு டிராவல்ஸ்காரர்கள் "பத்து நாளில் ஆறு நாடு" என்று தட்டி வைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மெஷின் வாங்கவும் பயிற்சிக்கும் கம்பெனி அனுப்பியவர்கள்தான் ஜெர்மனியைப் பார்த்திருந்தார்கள். இப்போது ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர், மகன் எடுத்துத் தந்த டிக்கெட்டில், சம்பந்தி வீட்டையும் பழைய ஷிப்ட் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

என் குறையெல்லாம் திரும்பி வந்து நமக்கு அனுப்பும் படங்களைப் பற்றித்தான். ஈபிள் கோபுரத்தின் உச்சியை இரண்டு விரலால் பிடிக்கிற படம், பைசா கோபுரம் விழாமல் முட்டுக் கொடுக்கிற படம். பைசாவுக்கு முட்டுக் கொடுக்காத ஓசூர்க்காரர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பாரிஸ் நதிக்கரையும் பைசாவின் சதுக்கமும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவைதான், தாராளமாகப் பாருங்கள். ஆனால் அதே பட்டியலில் நமக்கென்றே எடுத்துவைத்ததுபோலச் சில ஊர்கள் இருக்கின்றன. அங்கே கோயிலும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஷெட், உலை, புகைபோக்கி, பட்டறை. சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் உழைத்தவர் அங்கே போனால் கைடே தேவைப்படாது.

சுவிட்சர்லாந்து போகிறவர்கள் எல்லாரும் யுங்ஃபிராவ் பனியில் சறுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு நாளை மிச்சம் பிடித்து, பெர்னிலிருந்து ரயிலேறி, கடிகாரத் தொழில் ஊரான லா ஷோ-ட-ஃபோன் போங்கள். சுமார் ஒன்றேகால் மணி நேரம். நொயெஷாத்தெல் தாண்டியதும் ஷாம்பிரெலியன் என்றொரு ஸ்டேஷனில் ரயில் நின்று, பின்பக்கமே முன்பக்கமாகிக் கிளம்பும். தப்பான ரயில் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம், மலையேற அதுதான் வழி. ஊர் ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஓசூரைவிடக் கொஞ்சம்தான் மேலே இருக்கிறது. 1794-இல் தீப்பிடித்து எரிந்துபோன ஊர் இது. திரும்பக் கட்டியபோது ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோலத் தெருக்களைப் போட்டார்கள். நீளமான வீட்டு வரிசைகள், நடுவே தோட்டம், ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையின் ஜன்னலை மறைக்காத இடைவெளி. ஜன்னலோரம் உட்கார்ந்து பல்சக்கரம் கோக்கிறவருக்கு வெயில்தான் முதல் கருவி. அதற்காக ஓர் ஊரையே திருப்பிவைத்திருக்கிறார்கள். கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இந்த ஊரையே ஒரு பெரிய தொழிற்சாலையாகக் குறிப்பிடுகிறார். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே பிறந்ததும் (1887) இங்கேதான். பக்கத்து ஊரான லெ லோக்லோடு சேர்த்து 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

நாங்கள் இரண்டு மூன்று குடும்பமாகப் போயிருந்தோம். கூட்டத்தில் ஓர் அக்கா. கெலமங்கலம் பக்கத்துக் கிராமம். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு கடிகார அசெம்ப்ளி லைனில் சேர்ந்து, கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் அந்தச் சம்பளத்திலேயே பார்த்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றவர். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டன் கடிகாரக் கம்பெனியைத் தொடங்கியதும் நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் விரல்கள் கடிகாரத்துக்குப் பழகியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. பாரிஸில் கால்வலி என்று பஸ்ஸை விட்டு இறங்காதவர், இங்கே கடிகார அருங்காட்சியகத்தில் ஒரு பழைய வேலை மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டார். நெஞ்சுயர மேஜை. காற்றிலேயே இரண்டு முழங்கையையும் ஊன்றிக் காட்டினார். "கை இப்படி நிக்கணும். இல்லன்னா ட்வீஸர் ஆடும். மூச்சை விட்டுட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொடணும், இழுத்துப் பிடிச்சா நடுங்கும்." பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகள், "ஏம்மா, இதையாம்மா தினமும் பண்ணிட்டிருந்தே?" என்றாள். "பின்னே, உனக்கு ஃபீஸ் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்தார். அன்று சாயங்காலம் கால்வலியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

இரும்பு வேலை செய்தவர்களுக்கு ஃபோல்க்லிங்கன். ஜெர்மனியின் சார் மாநிலத்தில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1873-இல் தொடங்கி 1986-இல் அணைந்த இரும்பாலை; 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆறு ஊதுலைகள் வரிசையாக நிற்கின்றன. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கல்கரியும் தாதும் கொட்டிய மேல்தளத்தையும் தாண்டி, 45 மீட்டர் உயரப் பார்வை மேடைவரை ஏறலாம். ஃபவுண்டரியில் காலம் தள்ளிய எங்கள் நண்பர் ஒருவர் முன்னால் போக, நாங்கள் ஆடியோ கைடைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனோம். ஊதுகாற்றுக் கூடத்தில் ஆளுயரத்தைப்போல் பல மடங்கு சக்கரங்கள். உலையிலிருந்து வெளியேறும் வாயுவையே எரித்து ஓடி, அதே உலைக்குக் காற்று ஊதிய என்ஜின்கள் அவை. "வேஸ்ட்டுனு ஒண்ணுமே விடல பாருங்க" என்று நண்பர் அந்தச் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார். தொடக் கூடாது என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

இந்த ஊரில் என்னை உட்காரவைத்து யோசிக்கவிட்டது எல்லைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சின் பிடியில் இருந்த சார், மக்கள் வாக்களித்த பிறகு, 1957 ஜனவரி 1-இல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. அதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு, 1956 நவம்பர் 1-இல், இங்கே மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது, ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வாழ்கிற நமக்கு, காலையில் ஜெர்மன் பேசி மத்தியானம் எல்லை தாண்டி பிரெஞ்சு ரொட்டி வாங்குகிற ஊர் ஒன்றும் அதிசயமில்லை. அங்கே டோல்கேட் நெரிசல் இல்லை, அவ்வளவுதான்.

எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி இரண்டே வரி. 1986 டிசம்பரில் கடைசி ஷிப்ட், 2001-இல் பட்டியலில் இடம். 107-ஆம் நம்பர் டிராம் வாசலிலேயே விடும். வளாகத்துக்குள் நடக்க டிக்கெட் இல்லை. கல்கரி அடுப்புகளுக்குப் பக்கத்தில் கோடையில் நீச்சல் குளம், குளிர்காலத்தில் ஐஸ் சறுக்கு. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெரியவர்கள் நிம்மதியாக மெஷின் பார்க்கலாம்.

கூட்டமாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஷெங்கன் விசா கட்டணம் இப்போது பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு நிறையும்வரை பாதி, ஆறுக்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். திங்கட்கிழமையை ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பல அருங்காட்சியகங்கள் அன்று பூட்டியிருக்கும். புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி போகட்டும். நெய்யும் பால்கோவாவும் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளைக் கொண்டுபோகத் தடை. அதைவிட வருத்தமான செய்தி, மகனுக்கென்று தோட்டத்து மாம்பழத்தைப் பெட்டிக்குள் மறைக்கவும் முடியாது. சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டூரியன் ஆகிய ஐந்துதான். கிருஷ்ணகிரி மாங்கூழ் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது, கிருஷ்ணகிரி அம்மாவின் கைப்பையில் ஒரு பழம் போக முடியாது!

இன்னொன்று. எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று சத்தியம் செய்துகொள்ளாதீர்கள். ஆறு மணிக்கே குளித்து விபூதி பூசி ஹோட்டல் வாசலில் நிற்கிறவரும், ஒன்பது மணிக்குக் காபி தேடுகிறவரும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். பகலில் பிரிந்து போய் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூடினால் பேச விஷயமும் இருக்கும், சிநேகிதமும் மிஞ்சும். பொதுச் செலவுக் கணக்கு ஒருவர் கையில் இருக்கட்டும். அவர் கூட்டத்திலேயே கெட்டியான ஆளாக இருக்கட்டும்.

விசா கிடைக்காதவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை, இங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது. ஃபோல்க்லிங்கன் ஆலைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். 2025-இல் சிவகளை இரும்பு அதையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது வேறு விஷயம்; இரும்பு நமக்குப் பழைய சொந்தம். 2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, பிரான்சின் கார்னாக் பெருங்கற்களையும் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து நம் செஞ்சியையும் ஒரே கூட்டத்தில் பட்டியலில் சேர்த்தது. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் செஞ்சியைக் கடந்துதான் போகிறார்கள், பெரும்பாலும் டீ குடிக்க மட்டும் நிறுத்தி. கார்னாக்கின் உறவுக்காரர்கள் இங்கேயே மல்லசந்திரம் குன்றில் கல்திட்டைகளாக நிற்கிறார்கள்.

பட்டறைகளின் கதைதான் இங்கே யாரும் எடுத்துவைக்காமல் கிடக்கிறது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் ஓசூரிலிருந்து புறப்பட்டது. அதே வருஷம்தான் அசோக் லேலண்ட் ஆலையும் இங்கே வந்தது. அந்த வருஷங்களில் சேர்ந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடக்கிறார்கள். மூடிய சிறு பட்டறைகளின் லேத்துகளோ எடைக்குப் போகின்றன.

ஆகவே வரும் இதழிலிருந்து இதற்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். கேட் பாஸ், கேண்டீன் டோக்கன், பயிற்சிக் காலத்துக் குரூப் போட்டோ, முதல் சம்பளச் சீட்டு எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள்; அசலை அனுப்ப வேண்டாம், எங்கள் அலுவலக அலமாரியை நானே நம்புவதில்லை. படத்தில் யார் யார், எந்த ஷாப், எந்த ஷிப்ட் என்று பின்னால் எழுதுங்கள். இந்தக் கோடையில் ஐரோப்பா போகிறவர்கள், அங்கே பார்த்த ஒரு பட்டறையையோ சுரங்கத்தையோ பற்றி, உங்கள் வேலைக்காரக் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பைசா படம் வேண்டாம், கையிருப்பு நிறையவே இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்