சளிக் காய்ச்சலும் உறங்கும் புற்றுநோய்க் கலங்களும்

மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் பெற்றுச் சுகமடைந்த சகோதரிகள் நமது குடும்பங்களிலும் அயலிலும் இருக்கிறார்கள். இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். பல வருடங்கள் நலமாக இருந்த சிலருக்கு, அது நுரையீரலில் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. இத்தனை காலமும் அது எங்கே ஒளிந்திருந்தது? எது அதை எழுப்பியது?

மார்பில் கட்டி இருக்கும்போதே சில கலங்கள் அதிலிருந்து பிரிந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்விடலாம். அங்கே அவை பெருகாமலும் சாகாமலும் உறங்கிக் கிடக்கும். ஸ்கேன் படத்தில் தெரியமாட்டா. புற்றுநோய் மருந்துகளில் பல, வேகமாகப் பெருகும் கலங்களையே தாக்குவதால் இவை தப்பிவிடுகின்றன.

இனி நுரையீரலில் பற்றீரியாக் கிருமிகள் தொற்றினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்கள் அங்கே விரைகின்றன. அவை தமது டீ.என்.ஏ. இழைகளையே வெளியே வீசி, மீனவர் வலை போடுவதுபோல் கிருமிகளைச் சிக்கவைக்கின்றன. இதை 2004இல் பெர்லின் நகர விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நம்மைக் காக்கும் வலைதான் அது. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் நொதியங்கள் அக்கம்பக்கத்தையும் அரித்துவிடுகின்றன.

2018இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹாபர் ஆய்வுகூடத்தினர், நுரையீரலில் மார்புப் புற்றுநோய்க் கலங்கள் உறங்கிக்கிடந்த சுண்டெலிகளின் மூக்கில் பற்றீரியாவின் மேலுறைப் பொருளை இட்டார்கள். நுரையீரல் அழற்சியடைந்தது, வலைகள் உருவாகின. வலையிலிருந்த நொதியங்கள், கலங்களைச் சூழ்ந்திருந்த லெமினின் என்ற புரதத்தை வெட்டின. வெட்டுண்ட அப்புரதமே உறங்கிய கலங்களுக்கு ‘எழும்பு’ என்ற சைகையாயிற்று. அவை பெருகத் தொடங்கின. சிகரட் புகையைச் சுவாசித்த சுண்டெலிகளிலும் இதுவே நடந்தது. வலையைக் கரைத்தபோதோ, கலங்கள் எழுவது தடைப்பட்டது.

2025இல் வெளியான இன்னோர் ஆய்வில், இன்ஃப்ளுவென்சா, கொவிட் வைரசுகளும் சுண்டெலிகளில் இத்தகைய கலங்களை எழுப்புவது தெரியவந்தது.

இதைப் படித்துவிட்டுப் பதறவேண்டாம். பற்றீரியா பற்றிய இந்த முடிவு சுண்டெலிகளில் கண்டது. மனிதரில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு தடவை சளி பிடித்தால் புற்றுநோய் திரும்பிவிடும் என்பது இதன் பொருளல்ல. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆகவே, நோயுற்ற சகோதரியின் கோப்பை, பீங்கானை வேறாக்கி அவரது மனதைப் புண்படுத்தாதீர்கள்.

ஆயினும் சில விடயங்களில் கவனமாயிருப்பது எவ்விதத்திலும் நல்லது.

சுகமடைந்தவர் இருக்கும் வீட்டினுள் யாரும் புகைபிடிக்க இடமளிக்காதீர்கள். கணவரோ மகனோ ஆனாலும் தயங்காமல் சொல்லுங்கள். விறகடுப்பின் புகையும் சுவாசக்குழாய்களுக்குத் தீங்கானது. அது வெளியேற வழிசெய்யுங்கள்.

இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், சளியில் இரத்தம் கண்டால், மூச்சு வாங்கினால் கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். “எனக்கு முன்னர் மார்புப் புற்றுநோய் இருந்தது” என்பதை மறைக்காமல் கூறுங்கள். வெட்கப்பட்டு விழுங்கிவிடும் அந்த ஒரு வார்த்தை, வைத்தியருக்கு மிக அவசியமானது.

மீதமிருந்த அன்டிபயோட்டிக் குளிசைகளைத் தாமாக எடுத்து விழுங்குவது கூடாது. அவை கிருமியைக் கொல்லுமே தவிர உறங்கும் கலங்களைக் கொல்லா. இன்ஃப்ளுவென்சா, நியூமோனியாத் தடுப்பூசிகள் உங்களுக்கு ஏற்றவையா என்று உங்கள் புற்றுநோய் வைத்தியரிடமே கேளுங்கள்.

சுகமாகிவிட்டோம் என்று கிளினிக் செல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரின் இருமலையும் கவனிக்கும் நீங்கள், உங்களுடைய இருமலையும் கொஞ்சம் கவனியுங்கள் சகோதரிகளே!