வாய்க்கு நானூறு வயது, பில்லுக்கு நேற்று

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று விருதுநகரிலிருந்து வந்தவன். இங்கே எல்லாருக்கும் நான் 'அண்ணாச்சி'. மளிகைக் கடை வைக்காத அண்ணாச்சி. ஓய்வு பெற்றபோது கையில் மிஞ்சியது கொஞ்சம் வருங்கால வைப்பு நிதியும் இருபத்து மூன்று கத்திகளும். "இத்தனை இருந்து என்ன, ஒரு தேங்காய் கீற முடியுதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாதிக்கு மேல் கூரே கிடையாது.

அந்த இருபத்து மூன்றில் ஒன்றுகூடப் பழசு இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரனின் இடுப்பில் தொங்கிய மாதிரியில், பிடியின் இரு முனையிலும் வட்டத் தகடு வைத்த குத்துவாள் ஒன்று. தஞ்சாவூர்க் கட்டாரி மாதிரியில் இரண்டு. குடகுப் பீச்சேகத்தி ஒன்று. மலப்புறம் கத்தி நான்கு. மீதி பிச்சுவா, சூரி என்று பலவகை. எல்லாம் என் ஆயுசுக்குள் அடித்தவை. அது தெரிந்துதான் வாங்கினேன், முதல் ஒன்றைத் தவிர.

அந்த முதல் கத்தி 1998-ல் வந்தது. மட்டாஞ்சேரி யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு கடை. கடைக்காரர் அதைப் பட்டுத் துணியிலிருந்து பிரித்துக் காட்டிய விதத்திலேயே பாதி விலை ஏறிவிட்டது. "போர்ச்சுகீசியக் கப்பல் கேப்டனோடது, அண்ணாச்சி. நானூறு வருஷம்." வாஸ்கோ ட காமாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவர் முதலில் புதைக்கப்பட்ட தேவாலயத்துக்குப் பக்கத்து ஊரில் குடியிருப்பவன், கேட்டதும் மயங்கிவிட்டேன். 4,500 ரூபாய் கொடுத்தேன். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். ஒரு வாரம் கழித்து மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும்போது, கைப்பிடிக்குக் கீழே, கறுப்புப் பூச்சுக்கு அடியில், அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தது. தேய்த்தவருக்கு அவசரம் போலும். ஐ, என், டி என்று மூன்று ஆங்கில எழுத்துகள் பாதிப் பாதியாக மிஞ்சியிருந்தன. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் கத்திகளில் அடிக்கிற 'இந்தியா' முத்திரை அது.

கோபத்தோடு பில்லை எடுத்தேன். கணக்குப்பிள்ளை வாழ்க்கையில் அன்றுதான் ஒரு பில்லை வாங்கிய பிறகு படித்தேன். "கைவினைப் பொருள் – 1." அவ்வளவுதான் எழுதியிருந்தது. நானூறு வருஷம் இல்லை, கேப்டன் இல்லை, போர்ச்சுகல் இல்லை. கடைக்காரர் எழுத்தில் பொய்யே சொல்லவில்லை.

அது ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு பொருள் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையே சான்று தரும் ஏற்பாடும் உண்டு. கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரப் பயணியிடம் பில்லிலும் '400 வருஷம்' என்று எழுதிக் கொடுத்தால், சுங்கச் சோதனையில் கத்தியும் போகும், கடை பெயரும் போகும். அதனால்தான் வாய்க்கு நானூறு வயது, பில்லுக்கு நேற்றுப் பிறந்த குழந்தை. இந்த ஊரில் நான் பார்த்த கெட்டிக்காரத்தனங்களில் இதற்குத்தான் முதல் பரிசு கொடுப்பேன்.

மிளகு வியாபாரத்தில் கலப்படம் இல்லையா என்று கேட்கலாம். பப்பாளி விதையை மிளகோடு கலப்பது பழைய வித்தை. 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் மினரல் ஆயில் பூசி மினுக்கிய மிளகு என்று ஆயிரக்கணக்கான டன்னை அதிகாரிகள் சீல் வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் மிளகுக்குத் தரம் என்று ஒன்று உண்டு. எம்.ஜி. ஒன்று என்றால் சுத்தம் செய்த மலபார் மிளகு. லிட்டர் எடை 550 கிராம் என்றால் 550 கிராம் நிற்க வேண்டும். சொன்னது ஒன்று, மூட்டையில் இருப்பது வேறு என்றால் கேட்க ஆள் உண்டு. கத்திக்கு அப்படி ஒருவரும் இல்லை. சொன்னவர் வாய், கேட்டவர் காது, அத்தோடு முடிந்தது.

மலப்புறம் கத்தி விஷயத்தில் இது எனக்கு இன்னும் உறுத்தும். மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார் அகலமான பெல்ட்டில் செருகிக்கொண்ட கத்தி அது. அதைக் கண்டு கம்பெனி அரசாங்கம் பயந்து 1854-ல் தனியாக ஒரு சட்டமே போட்டது. மலபார் கலெக்டர் எச். வி. கானலியின் பொறுப்பில் கத்தி வசூல் நடந்தது. 1855 ஜனவரி கடைசிக்குள் 7,561 கத்திகளை மக்கள் ஒப்படைத்தார்கள் என்று வில்லியம் லோகனின் மலபார் மேனுவல் கணக்கு சொல்கிறது. அதே வருஷம் செப்டம்பரில் கானலியை அவர் பங்களாவிலேயே வெட்டிக் கொன்றார்கள். நிலம்பூருக்குச் சுற்றுலா போகிற நம்மூர்க்காரர்கள் தேக்குத் தோட்டத்தில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள், கானலி பிளாட். அதே ஆள்தான்.

ஏழாயிரத்துச் சொச்சம் கத்திகளைச் சர்க்கார் வாரிக்கொண்டு போன பிறகு, ஒரே கடையில் 'நூற்றைம்பது வருஷத்து மலப்புறம் கத்தி' ஏழு எட்டு வரிசையாகத் தொங்குகிறது என்றால், கணக்கு எழுதியவனுக்குச் சிரிப்பு வராதா? ஒன்றிரண்டு தப்பியிருக்கும். கொத்தாகத் தப்பாது.

பழசாக்குகிற விதமும் ரொம்ப ரகசியமில்லை. உப்புத் தண்ணீர், காடி, ஈர மண்ணில் கொஞ்ச நாள். கொச்சியில் அதுகூட வேண்டாம். ஜூனில் ஜன்னலோரம் வைத்தால் கடற்காற்றே செய்துவிடும். ஆனால் பொய்த் துருவுக்கு அடியில் மின்சாரச் சாணையின் கோடுகள் ஒரே சாய்வில் ஓடும். நிஜமாகப் புழங்கின கத்தியில் கை படும் இடம் தனியாகத் தேய்ந்திருக்கும், துரு ஓரிடம் ஆழமாகவும் ஓரிடம் மேலாகவும் அரித்திருக்கும். 'திப்பு சுல்தான் காலம்' என்று ஒருவர் காட்டிய குத்துவாளின் பிடியில் ஸ்டார் ஸ்குரூ இருந்தது. அந்த ஸ்குரூ அமெரிக்காவில் 1930-களில்தான் வந்தது. திப்பு இறந்தது 1799-ல்.

இவ்வளவு சொல்வதால் நகலுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். என் சண்டை அரத்தோடு மட்டும்தான்.

கொடுங்ஙல்லூர்ப் பரணித் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். சாமியாடும் வெளிச்சப்பாடுகள் கையில் சலங்கை குலுங்கும் வளைந்த வாள். அதில் பலவும் சமீபத்தில் அடித்தது. நம் பக்கம் கருப்பசாமிக்கு ஆளுயர அரிவாள் நேர்ந்து விடுகிறோம். கொல்லன் உலையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போகும். சாமி அதைப் போலி என்று திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. புதுசு என்பது குறை என்கிற எண்ணம் கண்ணாடி அலமாரி வைத்த கடைகளில் கற்றுக்கொண்டதுதான். (அலமாரி, அதைப் பூட்டும் சாவி, இரண்டு சொல்லும் போர்ச்சுகீசியர் விட்டுப்போனவை. அவர்கள் விட்டுப்போனதில் என் வீட்டில் இருக்கும் அசல் இவை இரண்டும்தான்.)

அசல் என்பதும் அவ்வளவு சுத்தமானது அல்ல. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் பிடி நம் கொல்லன் செய்தது, அலகு கப்பலில் வந்த ஐரோப்பிய வாளை வெட்டிப் பொருத்தியது. அந்த ஐரோப்பிய வாளிலும் வில்லங்கம்: ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்கள் ஸ்பெயினின் டொலேடோ முத்திரையை அடித்து விற்றிருக்கிறார்கள். பொய் முத்திரை நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. அதனால் சரியாகிவிடவும் இல்லை. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையின் சில ஆயுதங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தப் பிடியின் வேலைப்பாட்டைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிற என்னைப் போன்றவனுக்கு நல்ல நகலை விட்டால் வழியே இல்லை.

நகலை நகல் என்றே விற்றால் யார் வாங்குவார் என்கிறார்கள் கடைக்காரர்கள். டேராடூனைப் பார்க்கச் சொல்வேன். அங்கே 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ், கூர்க்காக்களுக்குக் குக்ரி செய்து வந்த நிறுவனம், இன்று ஐரோப்பிய இடைக்கால வாளும் குத்துவாளும் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. அங்கே அவற்றை விற்று வந்த கிளையின் பெயரே மியூசியம் ரெப்ளிகாஸ். 'நகல்' என்று பலகையிலேயே எழுதி வியாபாரம் நடந்திருக்கிறது. வாங்குகிறவனுக்கும் வெட்கமில்லை, விற்கிறவனுக்கும் பயமில்லை.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் இல்லை. கத்தியில் ஊர், வருஷம், கொல்லனின் பெயரில் ஓர் எழுத்து. பில்லிலும் அதே மூன்று விவரம். ஜூ டவுனுக்கு வருகிறவர்கள் பில்லை வாங்குவதற்கு முன்னால் கடைக்காரரை விட்டே வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. மான்கொம்புப் பிடி என்று பெருமையாகச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது வனவிலங்குச் சட்டத்தில் போய் முடியும். அளவையும் பாருங்கள். ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் குத்துவாள் ஆயுதமாகிவிடும். வீட்டுக்கும் வயலுக்கும் செய்த கத்திக்கு அது பொருந்தாது. கட்டாரி அடியில் அகலமானது என்பதால் நான் பையில் ஸ்கேலோடுதான் கடைக்குப் போவேன். கடைப் பையன்கள் சிரிப்பார்கள்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், பிசுக்குப் பிடித்துவிடும். ஜப்பான்காரர்கள் வாளுக்குப் பூசுவது மினரல் ஆயிலில் கொஞ்சம் கிராம்பு எண்ணெய் கலந்தது. மிளகுக்கு ஆகாத மினரல் ஆயில் இரும்புக்கு ஆகிறது. கிராம்புக்கு மட்டாஞ்சேரியில் பஞ்சமா? மழைக்காலத்தில் என் அலமாரியைத் திறந்தால் பல்வலிக்கு மருந்து போட்ட வாசனை வரும்.

2024-ல் மலப்புறம் பக்கம் ஒரு பட்டறையில் என் இருபத்து மூன்றாவது கத்தியைச் செய்யக் கொடுத்தேன். லாரிக்கு அடியில் கிடந்த பட்டை இரும்புதான் சரக்கு. அதைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, துவைச்சல் போட்டு, எருமைக் கொம்பில் பிடி வைத்து, பித்தளைப் பூண் மாட்ட நான்கு நாள். கூலி 1,800 ரூபாய். பெயரில் ஓர் எழுத்து வெட்டிக் கொடுங்கள் சேட்டா என்றேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். கடைகளுக்கு நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்தவர், இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லையாம். எந்த எழுத்து என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு உளியை எடுத்துப் பிடிக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டினார். எழுத்து கோணலாக விழுந்தது. பக்கத்தில் 24 என்று வருஷம். கோணல் அவருக்குப் பிடிக்கவில்லை, மாற்றித் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

திரும்பி வந்ததும் ஜூ டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் சுண்டினார். "நல்ல கை, அண்ணாச்சி. எட்டாயிரம் தரேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, பெருவிரலை அந்தக் கோணல் எழுத்தின் மேல் வைத்து மறைத்தபடி, "இது இல்லேன்னா பதினைந்து" என்றார்.

கத்தியை வாங்கி உறையில் போட்டேன். அவர் இன்னும் அரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.