பல்கலைக்கழகம் தன் வளவிலிருந்து தொடங்கட்டும்

2015 மே 13 அன்று புங்குடுதீவில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கடத்தப்பட்டு, கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அடுத்த வாரமே குடாநாடு ஹர்த்தாலில் முடங்கியது. மே 20 அன்று யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2017 செப்ரெம்பர் 27 அன்று மூன்று நீதிபதிகள் அமர்ந்த தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. ஊர் மூச்சு விட்டது. நாமும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தனை ஆண்கள் ஒன்றுகூடி இப்படிச் செய்யும் துணிவு எங்கே ஊறியது, அடுத்த பிள்ளைக்கு நடக்கும் முன் தடுக்க என்ன வழி, உயிர் தப்பும் பிள்ளைகள் எப்படித் தேறுவார்கள் என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத்திடம் பதில் கேட்க முடியாது. அவை உளவியலும் உளமருத்துவமும் படித்தவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து ஆராய வேண்டியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பாலியல் வன்முறைத் தடுப்பையும் பாதிக்கப்பட்டோரின் உளமீட்சியையும் தன் நிரந்தர ஆய்வுப் பணியாக எடுக்க வேண்டும், அதைத் தன் சொந்த வளவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இது அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வேலை அல்ல. 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய நாட்களில் வன்புணர்வுக்கு உள்ளான பெண்களைத் தேடிப்போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர் மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம. அந்தப் பதிவுகள் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘முறிந்த பனை’யில் இடம்பெற்றன. எழுதியதோடு அவர் நிற்கவில்லை. போக்கிடமில்லாத பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்குவதிலும் முன்னின்றார். 1989 செப்ரெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று கூட வேலைசெய்தவர்கள் எழுதினார்கள். அதன் பிறகு இந்த விடயத்தைத் தொட யார் துணிவார்கள்?

அந்நூலாசிரியர்களில் ஒருவரான தயா சோமசுந்தரம் போரின் மனவடுக்களைப் பற்றி 1998 இல் தனி நூலே எழுதினார். போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கைகளையும் சேர்த்தே உடைக்கிறது என்ற கருத்தை 2007 இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை விரித்துச் சொன்னது. உலக அளவில் எடுத்தாளப்படும் அந்தச் சிந்தனை எங்கள் மருத்துவபீடத்திலிருந்து போனது. அப்படிப்பட்ட மரபு உள்ள இடத்தில், போரின் மனவடுவைப் பற்றிப் பேசும் அளவுக்கு வீட்டுக்குள்ளும் ரியூசன் போகும் வழியிலும் நடப்பதைப் பற்றிப் பேச்சில்லை.

பேச்சில்லாததால் வரும் கேடு பொலிஸ் நிலையத்து வாங்கிலேயே தெரியும். தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து மகளிர், சிறுவர் பிரிவுக்கு முன்னால் இருப்பாள். தெரிந்த முகம் ஏதும் வருகிறதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவதும் உண்டு. பிறகு அந்தக் கேள்வி வரும்: “ஏன் பிள்ளை கத்தேல்லை?” சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும் வழியில் மாமி கேட்பாள். வழக்கு விளக்கத்துக்கு வரும்போது எதிரிதரப்புச் சட்டத்தரணி கேட்பார். வருடங்கள் கழித்துக் கலியாணம் பேச வருபவர்களும் வேறு வார்த்தையில் அதையே கேட்பார்கள்.

இதற்கு விடை இருக்கிறது. வன்புணர்வுக்கு உள்ளாகி ஸ்டொக்ஹோம் அவசர சிகிச்சை நிலையத்துக்கு வந்த 298 பெண்களிடம் எடுத்த ஆய்வு 2017 இல் வெளியானது. அவர்களில் 70 வீதமானோர், சம்பவத்தின்போது தங்கள் உடல் கணிசமாக விறைத்து அசையமுடியாமல் போனதாகச் சொன்னார்கள். குரல் வராது, கைகால் எழும்பாது. பயத்தின் உச்சியில் நரம்புமண்டலம் தானாகச் செய்யும் வேலை அது. சம்மதத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படி விறைத்துப்போனவர்களுக்கே பின்னால் மனவடுவும் மனச்சோர்வும் கூடுதலாக வந்தன என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆக, ‘ஏன் கத்தேல்லை’ என்று கேட்பவர் மோசமாக அடிபட்ட பிள்ளையையே மறுபடியும் அடிக்கிறார். இந்த ஒரு முடிவைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதி, வடக்கின் எல்லாப் பொலிஸ் நிலையங்களுக்கும் சட்டத்தரணிகள் சங்கங்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் அனுப்ப எவ்வளவு செலவாகும்?

பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரையோ அவரை இனங்காட்டும் எதையுமோ வெளியிடுவது 1995 இன் திருத்தத்திலிருந்து தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அப்படியிருந்தும் புங்குடுதீவு மாணவியின் பெயரும் படமும் சுவரொட்டிகளிலும் முதற்பக்கங்களிலும் நிறைந்து கிடந்தன. உயிரோடு இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் பார்த்து எடுக்கும் முடிவு ஒன்றுதான்: வாய் திறக்கக்கூடாது. இந்தத் தலையங்கத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுவே.

வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர்? 2019 இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் நாடு முழுவதும் எடுத்த பெண்கள் நலன் பற்றிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையாலேயே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னார். துணையின் பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெட்கத்தாலும், தங்களையே குறைசொல்வார்கள், நம்பமாட்டார்கள் என்ற பயத்தாலும் எங்கும் உதவி கேட்டுப் போகவில்லை. போனாலும் சட்டம் கைகொடுக்காது: நீதிமன்றம் பிரித்துவைத்த தம்பதியரைத் தவிர, கணவன் செய்யும் வன்புணர்வை இலங்கைச் சட்டம் இன்றுவரை குற்றமாக ஏற்கவில்லை.

பெண்களிடம் கேட்பது பாதி வேலை. 2013 இல் கெயார் நிறுவனம் ஆண்களிடமே நேராகக் கேட்டது. அந்த ஆய்வில் ஏறத்தாழ ஏழில் ஓர் ஆண், தான் ஒரு பெண்ணையோ சிறுமியையோ பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக ஒப்புக்கொண்டார். வன்புணர்வு செய்ததாகச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சட்டத்தால் எந்த விளைவும் நேரவில்லை. கொழும்பு, அம்பாந்தோட்டை, நுவரெலியா, மட்டக்களப்பு என்ற நான்கு மாவட்டங்களில் எடுத்த ஆய்வு அது. யாழ்ப்பாணம் அந்த நான்கில் இல்லை. இங்கே ஆண்களிடம் இப்படிக் கேட்க முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். போர் முடிந்து சில மாதங்களுக்குள், 2009 ஜூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், யாழ் மாவட்டத்தில் 1,400 இற்கும் மேற்பட்டோரிடம் உளநல ஆய்வு எடுத்து, 7 வீதமானோருக்கு மனவடு நோயும் 22 வீதமானோருக்கு மனச்சோர்வும் உண்டு என்று கண்டார்கள். ஊரெல்லாம் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் அதைச் செய்ய முடிந்தது.

மறுப்புகள் வரும். கனமானது ஒன்றை முதலில் எடுப்போம். “எங்கட பெண்களைச் சீரழிச்சது இராணுவம். இப்ப எங்கட பெடியளை ஆராய வெளிக்கிட்டால் அந்த நியாயம் கரைஞ்சு போகும்” என்பார்கள். 1996 இல் கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, இராணுவத்தினரால் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவியின் கதை யாருக்கும் மறக்காது. அந்த வழக்கே செம்மணிப் புதைகுழியைத் திறந்தது. தடுப்பில் இருந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடந்த பாலியல் சித்திரவதையை 2015 இன் ஐ.நா. அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அந்த நியாயத்தை ஒருபோதும் கைவிடமாட்டோம். அதற்காகப் புங்குடுதீவில் நடந்ததை இராணுவத்தின் தலையில் கட்டமுடியுமா? சீருடை போட்டவன் செய்தால் அரசியல், பக்கத்து வளவுக்காரன் செய்தால் குடும்ப மானம் என்று பிரித்துவைத்திருக்கும்வரை இரண்டு பிள்ளைகளுக்கும் நியாயம் கிடைக்காது.

இன்னொரு மறுப்பும் நியாயமானதே. வெளியிலிருந்து வருபவர்கள் வினாக்கொத்தை நீட்டி, அழவைத்து, எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்ற கசப்பு வன்னியிலும் குடாநாட்டிலும் நிறைய உண்டு. ஆகவே ஒரு நிபந்தனையை வைக்க வேண்டும்: கேள்வி கேட்கும் இடத்தில், அன்றே சாய்ந்துகொள்ள ஓர் உளவளத்துணையாளர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆய்வுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்கக்கூடாது.

துணையாளருக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் வடகிழக்கில் ஓர் அகதி முகாமில் நடந்ததைப் பார்க்கட்டும். போரிலும் சுனாமியிலும் அடிபட்ட 31 பிள்ளைகளுக்கு ஜேர்மன் உளவியலாளர்கள் இரண்டு விதச் சிகிச்சையைப் பரீட்சித்தார்கள். ஒன்றில், பிள்ளை தன் வாழ்க்கையை ஒரு கயிறாக நிலத்தில் விரித்து, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லின் கதையையும் மெல்லமெல்ல முழுதாகச் சொல்லும். மற்றது தியானமும் உடல்தளர்வுப் பயிற்சியும். ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். 2009 இல் வெளியான சிறிய ஆய்வுதான். பாலியல் வன்முறைக்கென்று செய்ததும் அல்ல. ஆனாலும் எங்கள் ஆட்களால் எங்கள் மொழியில் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம்.

தடுப்புக்கும் சான்று உண்டு. கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழக உளவியலாளர் சார்லின் சென் முதலாம் ஆண்டு மாணவியர் 893 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று மணிநேர வகுப்புகள் நான்கு கொடுத்தார். தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை இனங்காண்பது, தயக்கத்தை உடைப்பது, எதிர்த்து நிற்பது ஆகியவைதான் பாடம். ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு உள்ளானோர் மற்றக் குழுவில் 9.8 வீதம், இந்தக் குழுவில் 5.2 வீதம். பெண்பிள்ளைக்கு மட்டும் பாடம் எடுத்தால் போதுமா என்ற கேள்வி சரிதான். ஆண்களுக்கான பாடமும் வேண்டும், அது இன்னும் கடினமான வேலை. பெண்பிள்ளைகளுக்கான பாடத்தையும் கனடாவிலிருந்து அப்படியே இறக்க முடியாது. பெடியன் ஒருவனோடு கதைத்தாலே ஊர் கதைக்கும் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு ஏற்ற பாடத்தை இங்கே இருப்பவர்கள்தான் எழுதவேண்டும்.

ஏன் பல்கலைக்கழக வளவிலிருந்து? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அரச பல்கலைக்கழக மாணவரிடம் எடுத்த ஆய்வில், 16.6 வீதமானோர் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தும் இதுதான் நிலை. புதுமுக மாணவிக்கு இரவில் வரும் தொலைபேசி அழைப்பும், ‘அண்ணாமாருக்குப் படம் அனுப்பு’ என்ற மிரட்டலும் இங்கே யாருக்கும் புதுச்செய்தி இல்லை. தன் விடுதியில் நடப்பதை எண்ணாத நிறுவனம் தீவகத்துக்கும் வடமராட்சிக்கும் போய் வினாக்கொத்துக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்?

பணமில்லை என்பது வழமையான பதில். கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் பழைய மாணவர் சங்க விருந்துக்கும் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் காசில் ஒரு துளி போதும்.

பல்கலைக்கழகப் பேரவையிடம் கேட்கிறோம். வரும் கல்வியாண்டிலேயே உளவியல், உளமருத்துவம், சட்டம், சமூகவியல் துறையினரைக் கொண்ட நிரந்தர ஆய்வுப் பிரிவை அமையுங்கள். முதல் ஆய்வை உங்கள் மாணவரிடமும் ஊழியரிடமும், ஆண் பெண் இருபாலாரிடமும், பெயர் கேளாமல் எடுங்கள். முடிவு எவ்வளவு கசப்பானாலும் முழுதாகத் தமிழில் வெளியிடுங்கள். வருகிற அறிக்கையை மறைக்காமல் அச்சிடுவது எங்கள் பொறுப்பு. அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கானது 1929.