வட்டியில்லாத் தவணையில் வரும் கைப்பேசி



வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூரிலும் உள்ள கைப்பேசிக் கடைகளின் முகப்பைக் கவனித்துப் பாருங்கள். பொருளின் முழு விலையைவிட, "மாதம் இவ்வளவு, வட்டி இல்லை" என்னும் வாசகமே பெரிய எழுத்தில் கண்ணைப் பறிக்கின்றது. சுல்தான்பேட்டையில் அன்றாடக் கூலி பெறும் தகப்பனாரிடம் கல்லூரி செல்லும் மகன் கேட்பதும் இந்த வாசகத்தை நம்பித்தான்.

இவ்வாணிகம் எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை. 2014ஆம் ஆண்டு ஷாவ்மி நிறுவனம் இந்தியாவிற்கு வந்தபோது, யார் குறைந்த விலைக்குக் கொடுப்பது என்பதே போட்டியாக இருந்தது. 2017ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அது சாம்சங்கையே முந்தியது. மைக்ரோமேக்ஸ் முதலிய நம் நாட்டுப் பெயர்கள், 2016இல் ஜியோவின் 4ஜி சேவை வந்ததற்குப் பின் ஒடுங்கிப் போயின. இன்றோ காற்று வேறு திசையில் வீசுகின்றது. ஐ.டி.சி. என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் 16.1 கோடி; 2024இல் 15.1 கோடிதான். ஆனால் 2024இல் ஒரு பேசியின் சராசரி விலை 259 டாலராக, அதாவது ஏறத்தாழ 22,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. குறைவாக விற்று நிறைவாக ஈட்டும் வித்தையை நிறுவனங்கள் கற்றுக்கொண்டன என்பதே இதன் பொருள்.

அந்த உயர்விலை வரிசையின் தலைமகன் ஆப்பிள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே ஐபோன் செய்யப்படுகின்றது. ஆயினும் 2025 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 17இன் தொடக்க விலை 82,900 ரூபாய். வளைகுடாவிலிருக்கும் பிள்ளை வாங்கி வந்தால் மலிவு என்று கருதும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி: அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் இந்தப் பேசியில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. இ-சிம் ஒன்றையே அது ஏற்கும்.

இடைநிலை விலையில் நடக்கும் போட்டியினால் நமக்கு நன்மை விளைந்திருப்பதையும் மறுப்பதற்கில்லை. மலிவான பேசி இரண்டாண்டில் மென்பொருள் புதுப்பித்தலின்றிக் கைவிடப்படும் என்ற நிலை மாறி வருகின்றது. 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் ஏ16 5ஜி பேசிக்கு ஆறாண்டுகள் பாதுகாப்புப் புதுப்பித்தல் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வங்கிக் கணக்கையே பேசியில் வைத்திருப்போர்க்கு, நான்கு கேமராக்களைவிட இதுவே முக்கியம். பாடம் படிக்கவும் பணம் அனுப்பவும் இவ்விலைப் பேசி தாராளமாகப் போதும். அதற்கு மேல் இழுத்துச் செல்வதுதான் தவணை.

அதன் உட்கணக்கைப் பார்ப்போம். 24,000 ரூபாய்ப் பேசி, கடன் அட்டையில் மாதம் 2,000 வீதம் 12 மாதம். பார்வைக்கு வட்டி இல்லை. ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று கொண்டால், வங்கி இதனை ஏறத்தாழ 22,160 ரூபாய்க் கடனாகவும் 1,840 ரூபாய் வட்டியாகவுமே எழுதுகின்றது. கடையோ உற்பத்தியாளரோ 1,840 ரூபாயைத் தள்ளுபடி என்று கொடுத்து அதனை மறைக்கின்றனர். அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது 331 ரூபாய், வாங்குபவர் தலையில் விழும். செயற்கட்டணம் தனி. சுழிய வட்டி என்று ஒன்று இல்லை, அது கட்டணம் என்னும் பெயரில் ஒளிந்திருக்கின்றது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியுள்ளது.

"அப்படியானால் தவணையே கூடாதா?" என்று தாய்மார்கள் கேட்கின்றனர். அப்படியன்று. ரொக்கத்திற்கு ஒரு விலையும் தவணைக்குச் சற்றுக் கூடுதல் விலையும் வியாபாரி சொல்லி, இருவரும் ஒன்றை முடிவுசெய்து பிரிந்தால் அது வியாபாரமே. 1990இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் இதனை ஆகுமென்றே தீர்மானித்தது. ஆனால், தவணை தாமதித்தால் மேலும் பணம் என்ற நிபந்தனை வட்டியாகும் என்றும் அத்தீர்மானம் கூறுகின்றது. நம் கடைகளிலோ தவணை கொடுப்பவர் பெரும்பாலும் கடைக்காரரல்லர், கடன் நிறுவனம். தாமதத்திற்கு அபராதமும் உண்டு.

இதில் பாகூர் ஏரிப் பாசன விவசாயியின் நிலை இன்னும் கடினம். அவர் கையில் பணம் வருவது அறுவடைக்குப் பின். தவணையோ மாதந்தோறும் வரும். அத்தகையோர் அறுவடைப் பணத்தில் ரொக்கமாக வாங்குவதே எளிது. அப்போது தவணைக்காரருக்குத் தரும் அந்த 1,840 ரூபாய்த் தள்ளுபடியைத் தமக்கும் தருமாறு கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். தவணையில்தான் வாங்குவதென்றால், கையொப்பமிடுமுன் தாளைக் கையில் வாங்கி, கடன் தொகை, வட்டி, செயற்கட்டணம், தாமத அபராதம் ஆகிய நான்கையும் படித்த பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.